கலப்படமில்லாத சந்தன எண்ணெய் கொழும்பில் எங்கே வாங்கலாம்?

வணக்கம் உறவுகளே. வீட்டில் சிறிய அளவில் அத்தர், சென்ட் செய்யத் தொடங்கியிருக்கிறேன். மூலப்பொருள்தான் பெரும்பாடு. புறக்கோட்டையில் ஒரு கடையில் "சுத்தமான சந்தன எண்ணெய்" என்று தந்ததை வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பின்னேரத்துக்குள் வாசம் போய்விட்டது, எண்ணெய்க் கறை மட்டும்தான் மிச்சம். நல்ல சந்தனம் நாள்கணக்கில் நிற்கும்.

கறுவா எண்ணெய் நம் நாட்டிலேயே தாராளம். ஆனால் பட்டையில் எடுத்ததா, இலையில் எடுத்ததா என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல் என்ற வாசப்பொருள், கராம்பு வாசம் அடிக்கும். பட்டை எண்ணெயில் சின்னமல்டிஹைட் என்ற கறுவா வாசப்பொருள் அதிகம். அளவு கொஞ்சம் கூடினாலும் தோல் எரியும். மாறிப்போனால் கலவையே கெட்டுவிடும்.

சந்தனம், வெட்டிவேர் இரண்டும் 10 மில்லிலீட்டர் அளவில், பரிசோதனை அறிக்கையோடு விற்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கோ. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் இன்னும் வசதி. சென்டில் கலக்க எத்தனோல் (மதுசாரம்) வாங்கக் கலால் அனுமதி வேண்டுமா?

வல்லப்பட்டை (அகில் போல வாசப்பிசின் தரும் காட்டு மரம்) தருகிறோம் என்று தயவுசெய்து யாரும் உள்பெட்டிக்கு வரவேண்டாம். காட்டில் அதை வெட்டுவது சட்டவிரோதம், அந்த மரம் அழிவதற்கு நான் துணைபோக மாட்டேன்.