மறுமொழி: பூஸ்ட் லீக் – கள்ளக்காற்றா, ஊட்டக்கசிவா?

நண்பர்களுக்கு வணக்கம். டர்போ கார்களில் காற்று கசியும் கோளாறுகளுக்கும் பாகங்களுக்கும் பாடக்குறிப்பில் போடத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், இரண்டு நாள் மடல்களுக்கும் சேர்த்து ஒரே மறுமொழி, கொஞ்சம் நீளம்.

> பூஸ்ட் லீக் என்றால் காற்றுக் கசிவு. இதற்குப் போய் ஓர் இழையா?

கசிவு என்றாலே உள்ளே இருப்பது வெளியே போகிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். எரிவாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு எல்லாம் அந்த வகை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) உள்ள காரின் த்ராட்டிலில் (இன்ஜினுக்குப் போகும் காற்றை அளவாகத் திறந்துவிடும் வாயில்) வரும் சிக்கலே வேறு: ஒரே ஓட்டை, இரண்டு திசை. வண்டி ஐடிலில் நிற்கும்போது த்ராட்டில் தகட்டைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டு குழாயில் அழுத்தம் 30–40 கிலோபாஸ்கல்தான், வெளியே 101. தகட்டைத் திருப்பும் தண்டின் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அதே வண்டியை பிஐஇ விரைவுச்சாலையில் ஏற்றி மிதித்தால், 1 பார் பூஸ்டில் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்), உள்ளே ஏறக்குறைய 200 கிலோபாஸ்கல். இப்போது அதே சீல் வழியாகக் காற்று வெளியே சீறும். முதலாவதை வேக்வம் லீக் என்றும் இரண்டாவதை பூஸ்ட் லீக் என்றும் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் நம் ஆட்கள் வாயில் இது "காத்து இழுக்குது", "காத்து போகுது". கலைச்சொல்லும் இந்தப் பிரிவை மதிக்க வேண்டும்.

இன்ஜின் கணினிக்கும் இவை இரண்டு வேறு நோய்கள். காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் டர்போவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் ஐடில் தடுமாறும், சில வண்டிகளில் ஆர்பிஎம் ஏறி நிற்கும். மாறாக, அளந்த காற்று வழியிலேயே தப்பிவிட்டால் இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் இறங்கும், மிதித்தால் கரும்புகை. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் பழைய டர்போ வண்டிகளில் இது சகஜம். ரப்பருக்கும் வயதாகிறது இல்லையா. 4ஜி63 இன்ஜின் போட்ட மிட்சுபிஷி எவோ வைத்திருப்பவர்களுக்குத் தண்டு சீல் கதையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: கணக்கில்லாமல் நுழைவது கள்ளக்காற்று, ஊட்டிய அழுத்தம் தப்பிப்போவது ஊட்டக்கசிவு. ஜெர்மன்காரர்கள் முதலாவதை ஃபால்ஷ்லுஃப்ட், அதாவது பொய்க்காற்று, என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. காற்று மெய்யானதுதான், வந்த வழிதான் கோணல்.

> த்ராட்டில் – நெரிப்பான். அகராதி வழியிலேயே போகலாமே.

கழுத்தை நெரிப்பது ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ஏரித் தண்ணீரை அளவாகத் திறந்துவிட நம்மிடம் மதகு இருக்கிறது. ஏரியே பார்க்காத சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் மரீனா அணைக்கட்டின் 9 கதவுகளைப் பார்த்திருப்பார்கள். காற்றுமதகு, மதகுத்தகடு, மதகுத்தண்டு, மதகுக்கூடு என்று குடும்பமாகவும் வளர்கிறது.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்:

"இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போவின் உறிஞ்சுவாயை அடைப்பானால் மூடி, ரெகுலேட்டர் வழியாகக் கம்ப்ரசர் காற்றை மெல்ல ஏற்றவும். 1 பாருக்கு மேல் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து காது கொடுக்கவும். அங்கே காற்று வேகமாக வந்தால், இன்ஜினின் கிராங்க் அறை ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கூட்டினால் கிராங்க் சீல் பிதுங்கும். சைலன்சர் பக்கம் லேசாக இரைந்தால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வுகள் திறந்திருக்கின்றன. இனி ஹோஸ் மூட்டுகளிலும் மதகுத்தண்டின் இரு முனைகளிலும் சோப்புத் தண்ணீர் அடிக்கவும். ஸ்பிரிங் இருக்கும் முனை கண்ணுக்குத் தெரியும். மறுமுனை பொசிஷன் சென்சாருக்கு அடியில் ஒளிந்திருக்கும்; சென்சாரைச் சுற்றி நுரை பொங்கினால் ஊட்டக்கசிவு அங்கேதான்.

சீல் மாற்ற மதகுக்கூட்டைக் கழற்றி, தகடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறி போடவும். விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால் திருப்பிப் போட்டால் சரியாக மூடாது. தகட்டின் ஸ்குருக்கள் கழன்றுவிடாதபடி நுனி நசுக்கப்பட்டிருக்கும். அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். திரும்ப மாட்டும்போது புது ஸ்குரு, திருகுப் பசை. தகட்டைக் கையால் மூடி நடுவில் உட்கார வைத்த பிறகே இறுக்கவும். அந்த ஸ்குரு கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்."

பொசிஷன் சென்சார், ஸ்பிரிங், ஹோஸ் மூன்றையும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பட்டறையில் கையைக் காட்டிக் கேட்கும் பொருளுக்கு அவர்களிடம் பெயர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்குத்தான் பெயர் போதவில்லை.

> என் வண்டியில் எம்ஏஎஃப் கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் கணக்கு. அப்போது கள்ளக்காற்றும் கணக்கில் வந்துவிடுகிறதே, பிறகு எங்கே கள்ளம்?

நல்ல கேள்வி ஐயா, இந்த இழையிலேயே சிறந்தது. உங்கள் வண்டியில் பெட்ரோல் கலவை பெரிதாகக் கெடாது. ஆனால் கால் வைக்காமலே ஐடில் ஏறும். காரணம், அந்தக் காற்று மதகைச் சுற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் வரையறையை "மதகு வழியே வராத காற்று" என்று மாற்றிவிடலாமா? அதுவும் முழுசாகாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்தால் காற்று மதகு வழியாகத்தான் வரும், ஆனால் எம்ஏஎஃப்-ஐ ஏமாற்றியிருக்கும். எனவே: அளவி (எம்ஏஎஃப்), மதகு இரண்டில் ஒன்றையாவது தவிர்த்து நுழைந்த காற்று கள்ளக்காற்று. சொல்லை மாற்றத் தேவையில்லை, வரையறையில் ஒரு வரி கூட்டினால் போதும்.

"கள்ள" என்ற முன்னொட்டு பாடக்குறிப்புக்குக் கொச்சையாக இருக்கிறது என்று எழுதிய அம்மாவுக்கு: கள்ளநோட்டு செய்தித்தாளில் அச்சாகிறது, கள்ளச்சாவி கதைகளில் வருகிறது. மாணவர் ஒரு தடவை கேட்டால் மறக்காத சொல் கொச்சையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஊட்டக்கசிவில் எனக்கே ஒரு நெருடல் உண்டு. "ஊட்டம்" என்றதும் சத்துணவு நினைவு வருகிறது. மிகையழுத்தக் கசிவு என்றால் துல்லியம், ஆனால் நாக்கு சுளுக்கும். யாருக்காவது மூன்று அசையில் ஏதேனும் தட்டுப்பட்டால் எழுதுங்கள். இன்டர்கூலருக்கு "இடைக்குளிர்ப்பி" என்று யாரோ போட்டிருந்தீர்கள். அதற்குத் தனி இழை திறக்கிறேன், இங்கே கலக்க வேண்டாம்.