டர்பன் வானத்துக்கு எந்த தொலைநோக்கி, எந்தப் பட்டியல்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த், டோங்காட், ஃபீனிக்ஸ் ஊர்களின் வான ஆர்வலர்கள் சொல்வது.)

சாட்ஸ்வர்த்:
எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் தொலைநோக்கி வாங்காதீர்கள். ஐரோப்பியக் கையேடுகள், விண்மீன் கொத்துகள், நெபுலாக்கள், விண்மீன் மண்டலங்கள் அடங்கிய மெசியே பட்டியலின் 110 பொருள்களையும் முடிக்கச் சொல்லும். டர்பன் நிலநடுக்கோட்டுக்கு 30 பாகை தெற்கே இருக்கிறது. இங்கே அந்தப் பட்டியலின் எம்81, எம்82 விண்மீன் மண்டலங்கள் உதிக்கவே உதிக்காது. ஆண்ட்ரோமெடா மண்டலம் உச்சத்திலும் அடிவானத்துக்கு மேல் 19 பாகைதான். நமக்குத் தோதானது பென்னட் பட்டியல். 1969-இல் பிரிட்டோரியாவிலிருந்து வால்மீன் கண்டுபிடித்த ஜாக் பென்னட், வால்மீன் போலக் கண்ணை ஏமாற்றும் தென்வானப் பொருள்களைத் தொகுத்து வைத்தது. அவர் தேடியது 5 அங்குல விட்டமுள்ள கருவியில். இருட்டான இடம் கிடைத்தால் 8 அங்குலம் தாராளம்.

டோங்காட்:
8 அங்குல எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப் போல 6 மடங்கு) டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் சுழலும் கண்ணாடித் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு, ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து முழுசாக அடங்கும். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. இந்த இரண்டு போதும், பெட்டி நிறைய ஐபீஸ் வேண்டாம். கடலோர ஈரத்தில் முதலில் பனி படிந்து மங்குவது ஃபைண்டரும் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) குழாயின் வாய்ப்பக்கத்துச் சின்னக் கண்ணாடியும்தான். துணியால் துடைத்தால் உப்புத் தூசி அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். அதனால் 12 வோல்ட் ஹீட்டர் பட்டையை முன்கூட்டியே சுற்றிவிடுங்கள்.

ஃபீனிக்ஸ்:
படம் எடுக்கிறவர்களுக்கு ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும், அதாவது வானத் துருவத்தை நோக்கிய அச்சில் வானத்தோடு சுழலும் தாங்கி. அந்த அச்சைச் சரியாக நிறுத்துவதில்தான் தொல்லை. நமக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. தென் துருவத்துக்குப் பக்கத்திலுள்ள சிக்மா ஆக்டான்டிஸின் ஒளிமதிப்பு (எண் கூடினால் மங்கல்) 5.4, ஊர் வெளிச்சத்தில் தெரியாது. (மின்வெட்டு அன்று தெரிந்தால் யோகம்.) காம்பஸையும் அப்படியே நம்பாதீர்கள்: இங்கே முள்ளின் தெற்கு முனை நிஜத் தெற்கிலிருந்து 20 பாகைக்கும் மேல் கிழக்கே நிற்கும். தெற்கு நோக்கி நின்று அந்த அளவு வலப்பக்கம் திருப்புங்கள். அச்சின் உயரம் 30 பாகை.

பிறகு டிரிஃப்ட் முறை: நட்சத்திரம் நழுவும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்துவது. உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுக்கோட்டுக்குப் (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே) பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை ஐபீஸின் குறுக்குக்கோட்டில் நிறுத்துங்கள். தெற்கே நழுவினால் அச்சு மேற்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் கிழக்கே. அடுத்து கிழக்கில் தாழ்ந்த ஒன்று: வடக்கே நழுவினால் அச்சு தாழ்வு, தெற்கே என்றால் உயரம். ஐபீஸில் எது வடக்கு என்று குழப்பமா? குழாயைத் தெற்கே லேசாகத் தள்ளுங்கள், நட்சத்திரம் ஓடும் பக்கம் வடக்கு. வடக்கு அரைக்கோளக் கையேட்டில் இந்தத் திசைகள் தலைகீழாக இருக்கும். மோட்டாரின் வடக்கு/தெற்கு சுவிட்சையும் பாருங்கள். தவறாக இருந்தால் நட்சத்திரம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிவிடும்.

சாட்ஸ்வர்த்:
படம் வேண்டாம், உருப்படியான தரவு வேண்டும் என்பவர்களுக்கு ஒளி கூடிக் குறையும் மாறும் நட்சத்திரங்கள். ஆர் கரினே இங்கே அஸ்தமிப்பதே இல்லை. சுமார் 300 நாள் சுற்றில் ஒளிமதிப்பு 4-லிருந்து 10 வரை மங்கும். ஒளிமதிப்பு தெரிந்த நட்சத்திரங்களில் அதைவிடச் சற்றே பிரகாசமான ஒன்று, சற்றே மங்கலான ஒன்று, இரண்டுக்கும் நடுவே வைத்து 0.1 வரை மதிப்பிடுங்கள். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க அது நிஜத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். சட்டென்று பார்த்துக் கண்ணை விலக்குங்கள். நேரத்தைக் குறிப்பது உலக நேரத்தில் (UT): நம் மணியிலிருந்து 2 மணி கழிக்க வேண்டும். இரவு 1 மணிக்குப் பார்த்தது முந்தைய தேதியில் விழும், அண்ணா, அங்கேதான் பலரும் சறுக்குவது.