ஏற்காடு ஏறினதும் டயர் பிரஷர் கூடுது, காத்தை இறக்கணுமா?

மலைரோடு:
சேலத்துல காலையில நாலு டயருக்கும் 33 பவுண்டு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுல இறங்கினதும் பார்த்தா 37 காட்டுது. கூடுதலா இருக்குற 4 பவுண்டை அங்கேயே இறக்கிடலாமா? "மலைக்கு 28 போதும், கிரிப் கிடைக்கும்"னும் சொல்றாங்களே? டியூப்லெஸ், 5 பேர், லக்கேஜ் உண்டுங்க.

கோரிமேடு77:
இறக்காதீங்க. அந்த 4-ல பாதி ஓட்டத்துல ஏறின சூடு. மீதி உயரம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. மேலே போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் கிட்டத்தட்ட 2 பவுண்டு குறையும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மீட்டர் காட்டும். அதனால டயர்ல ஒண்ணும் ஏறாமலே 2 கூடித் தெரியும். ராத்திரி நிறுத்தி மறுநாள் காலையில பாருங்க. 10 டிகிரி குளிருக்கு ஒன்றரை பவுண்டு இறங்கி, பழைய 33 பக்கமே வந்து நிக்கும். இன்னைக்கே இறக்கிட்டா காலையில 29 தான்.

28 பவுண்டு கிரிப் எல்லாம் மணல்ல ஓட்டுறவங்க கணக்கு. தார் ரோட்டு வளைவுல பக்கச்சுவர் மடங்கும், ஸ்டியரிங் தாமதமாத் திரும்பும், ஓரம் மட்டும் தேயும். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஃபுல் லோடுக்குத் தனி அளவு. 5 பேர்னா அதைப் பிடிங்க. பல வண்டில பின் டயருக்கு அதிகமா கேட்கும். டயர் மேலேயே அச்சடிச்ச நம்பர் அதிகபட்ச அளவு, அதைப் பிடிச்சுராதீங்க.

பஞ்சர்கிட்:
அளக்குறதும் முக்கியம். வண்டி 3 மணி நேரம் நின்னிருக்கணும். பங்க் தூரம்னா வீட்டுலயே சொந்த மீட்டர்ல பார்த்துக்கோங்க. 29 இருக்கு, 33 வேணும்னா குறை 4. பங்க்ல சூட்டோட அதே மீட்டர் 31 காட்டினா 35 வரை பிடிங்க. 33-ல நிறுத்தினா ஆறினதும் 31 தான்.

மாசத்துக்கு 1, 2 பவுண்டு குறையறது சகஜம். ஒரே டயர் மட்டும் வாரத்துக்கு 3 இறங்கினா சோப்புத் தண்ணி ஊத்துங்க: முதல்ல வால்வு வாய், அப்புறம் வால்வு அடி, ரிம் ஓரம், கடைசியா பட்டன் (ரோட்டுல படுற பகுதி). வாயில குமிழ் வந்தா உள்ளே இருக்குற பின்னை முறுக்கினா போதும், இல்லேன்னா மாத்துங்க. அடியில வந்தா ரப்பர் வெடிச்சிருக்கும், வால்வே புதுசு. ரிம் ஓரம்னா டயரைக் கழட்டித் துருவைத் தேய்ச்சுப் போடணும். ஸ்டெப்னியையும் பாருங்க. சின்ன சைஸ் ஸ்டெப்னின்னா பெரும்பாலும் 60 பவுண்டு கேட்கும்.

நைட்ரஜன் இல்லைன்னு தயங்காதீங்க. சாதாரண காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

மலைரோடு:
நன்றிங்க. இறங்கி வந்ததும் அடிவாரத்துல ஒரு தடவை பார்த்துக்கலாமா?

கோரிமேடு77:
காத்துப் பிடிக்கவோ இறக்கவோ வேண்டாம். பிரேக் சூடு ரிம் வழியா டயருக்கு ஏறியிருக்கும், முன் டயர்ல கூடவே காட்டும். இடதையும் வலதையும் மட்டும் ஒப்பிடுங்க. சூட்டுலயும் 3 பவுண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா, குறைஞ்ச பக்கத்துல ஆணி இருக்கான்னு தேடுங்க.