புரோட்டீனுக்கு முட்டையத்தான் நம்பி இருக்கேன், இது சரிப்பட்டு வருமா?

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. வயசு 34, எடை 68 கிலோ, ஆறு மாசமா வாரத்துக்கு மூணு நாள் வெயிட் தூக்குறேன். கறி, மீன் எல்லாம் சின்ன வயசுலேர்ந்தே ஒத்துக்காது, வாசனை வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவேன். புரோட்டீன் பவுடர் வாங்க மனசு வரல. ஆக மிச்சம் இருக்குறது முட்டை ஒண்ணுதான். மத்தபடி காய், பழம், பருப்பு, பயறு, பால், தயிர், வேர்க்கடலைன்னு எல்லாமே சாப்பிடுவேன், இதெல்லாம் வேணாம்னு ஒதுக்குற ஆள் இல்ல.
என் உடம்புக்கு ஒரு நாளைக்கு 80 கிராமாவது வேணும்னு ஜிம்ல சொன்னாங்க. முட்டைக்கு 6 கிராம்னு வகுத்துப் பாத்தா கிட்டத்தட்ட 14 முட்டை வருது!! அவ்ளோ எப்படிங்க சாப்பிடுறது. இப்போதைக்கு தினம் 6 அவிச்சு, கொலஸ்ட்ரால் பயத்துல மஞ்சக்கருவ எடுத்துப் போட்டுட்டு சாப்பிடுறேன், 36 கிராம் ஆச்சுன்னு கணக்கு வச்சுக்குறேன். இதுல மூணு வாரமா வயிறு வேற கல்லு மாதிரி இருக்கு, காலைல பாத்ரூம்ல உக்காந்து நியூஸ் எல்லாம் படிச்சு முடிச்சாலும் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. எங்க தப்பு பண்றேன்?

கணக்குப்பிள்ளை:
தப்பு முட்டைல இல்ல சகோ, கணக்குல இருக்கு, அதுவும் ரெண்டு இடத்துல.
முதல்ல அந்த 36. ஒரு பெரிய முட்டைல இருக்குற 6 கிராம்ல வெள்ளைக்கருவுல மூணரை கிராம் சொச்சம்தான், மீதி ரெண்டரைக்கு மேல மஞ்சக்கருவுல. மஞ்சள்னா வெறும் கொழுப்புன்னு எல்லாரும் நினைச்சுக்குறாங்க, அதான் பிரச்சனை. நீங்க 6 வெள்ளைக்கரு தின்னா கிடைக்கிறது 21, 22 கிராம். அதே நாலு முட்டைய முழுசா தின்னா 24, 25 வரும். ரெண்டு முட்டை கம்மியா சாப்பிட்டு புரோட்டீன் கூடக் கிடைக்குது, இதுல கோலின்ங்கிற சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் பெரும்பாலும் மஞ்சள்லதான் இருக்கு, அதத்தான் நீங்க தினம் குப்பைல போட்டுட்டு இருக்கீங்க.
அடுத்தது, நீங்க போட்ட 14 முட்டை கணக்கு நாள் பூரா வேற எதுவுமே சாப்பிடாத ஆளுக்குத்தான் பொருந்தும். நீங்களே சொல்றீங்க பருப்பு, பால், தயிர் எல்லாம் உண்டுன்னு. ஒரு கப் பால் 8 கிராம், ஒரு கப் தயிர் 7, வேக வச்ச பயறு ஒரு கப் நிறைய எடுத்தா 15லேர்ந்து 18 (தண்ணியா கரைச்ச பருப்ப இதுல சேக்காதீங்க, கெட்டியா இருக்கணும்), சோறு ரெண்டு கப்புக்கு 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கு 7, ரெண்டு பிரெட் துண்டு போட்டா 5, 6. கூட்டிப் பாருங்க, முட்டைய தொடாமலே 50 தாண்டிருச்சு. அதுக்கு மேல நாலு முட்டை வச்சா ஜிம்ல சொன்ன எண்ணுக்குப் பக்கத்துல வந்து நிக்குறீங்க.
இன்னொண்ணு, எக்சர்சைஸ் பண்ணாத சாதாரண ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது கிலோவுக்கு 0.83 கிராம், உங்க எடைக்கு 56தான். வெயிட் தூக்குறதால 1.2லேர்ந்து 1.6 வரைக்கும் போகலாம், அப்படி வந்ததுதான் அந்த 80.

பழைய பனியன்:
நானும் இப்படித்தான் ஒரு வருஷம் தினம் 8 முட்டை, முழுசா, ஹீரோ மாதிரி ஓட்டினேன். பிளட் டெஸ்ட்ல எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், ஏறி நின்னுச்சு, டாக்டர் பாத்துட்டு ஒரு பார்வை பாத்தார் பாருங்க... குறைச்சு, ஓட்ஸ், பயறுன்னு மாத்தினதுக்கப்புறம் இறங்குச்சு. அதனால முழு முட்டை முழு முட்டைன்னு சொல்றவங்கள அப்படியே நம்பிடாதீங்க.

கணக்குப்பிள்ளை:
பனியன் அண்ணே, நான் எங்க 8 சொன்னேன், நாலுதான சொன்னேன். ஆனாலும் நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு, அத தள்ளிட முடியாது. ஒரு முட்டைல 186 மில்லிகிராம் போல கொலஸ்ட்ரால். முன்னாடி ஒரு நாளைக்கு 300க்கு மேல கூடாதுன்னு அமெரிக்க வழிகாட்டுதல்ல ஒரு எல்லை இருந்துச்சு, 2015ல வந்த பதிப்புல அந்த எண்ண எடுத்துட்டாங்க, ஏன்னா நிறைய பேருக்கு ரத்தத்துல ஏத்துறதுல சாப்பாட்டு கொலஸ்ட்ராலவிட நிறை கொழுப்புக்குத்தான் (நெய், வெண்ணெய்ல நிறைய இருக்குமே, அது) பெரிய பங்கு. அதுக்காக எவ்ளோ வேணா சாப்பிடுன்னு அர்த்தம் இல்ல. சிலர் உடம்பு முட்டைக்கு நல்லாவே ஏத்திக் காட்டும், அது யாருக்குன்னு டெஸ்ட் எடுக்காம தெரியாது. அரைத்தூக்கம், ஒரு தடவ லிப்பிட் டெஸ்ட் (ரத்தத்துல கொழுப்பு பாக்குறது) எடுத்துப் பாத்துடுங்க, எல்டிஎல் கூட இருந்தாலோ சுகர் இருந்தாலோ டாக்டர்ட்ட கேட்டு, ஒரு முழு முட்டை கூட ரெண்டு மூணு வெள்ளைன்னு வச்சுக்கலாம், குறையுறத பயறு, தயிர்ல ஈடு கட்டிக்கலாம்.

சமையக்கட்டு எலி:
வயிறு கல்லா இருக்குன்னாரே அத யாருமே கண்டுக்கல! முட்டைல நார்ச்சத்து சுத்தமா கிடையாது, பூஜ்யம். வைட்டமின் சியும் கிடையாது. 6 முட்டை தின்னு வயிறு நிறைஞ்சதும் காயும் பயறும் தன்னால குறைஞ்சிருக்கும், அது உங்களுக்கே தெரியாம நடந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. மூணு வேளையும் தட்டுல காயோ பயறோ பாதிக்கு வந்தப்புறம் முட்டைய வைங்க, தண்ணியும் குடிங்க.
அப்புறம் பயறு புரோட்டீன் மட்டம்னு எவனாவது சொல்லுவான். புரோட்டீன் அமினோ அமிலங்கள் சேந்து ஆனது, அதுல பயறுல மெத்தியோனின் கம்மி, தானியத்துல லைசின் கம்மி, முட்டைல ரெண்டும் நிறைவா இருக்கு, ஒரே வேளைல சேரணும்னு கூட இல்ல, நாள் முழுக்க கலந்து வந்தா போதும். ஆனா இரும்புக்கு முட்டைய நம்பாதீங்க, அதுல இருக்குறத உடம்பு சரியா எடுத்துக்காது. பச்சையா உடைச்சுக் குடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, வயித்தக் கெடுக்குற சால்மொனெல்லா கிருமி ஒரு பக்கம், பச்சை முட்டைல பாதி புரோட்டீன்தான் செரிக்குது, வேக வச்சா 90 சதவீதம் கிட்ட.

அரைத்தூக்கம்:
ஐயோ, காய் குறைஞ்சது நிஜம்தாங்க, இப்போ யோசிச்சா மதியம் பயறே வைக்கிறதில்ல, டப்பால முட்டைதான் அடுக்கிட்டுப் போறேன். ஆறு மாசமா 36 போட்டு டைரி எழுதி வச்சிருக்கேன், அத நினைச்சா சிரிப்பா வருது. கடைசியா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மொத்தமா அவிச்சு வச்சா எத்தன நாள் தாங்கும்? மஞ்சளச் சுத்தி பச்சையா ஒரு வளையம் வருதே, அது கெட்டுப்போனதா?

சமையக்கட்டு எலி:
ஓட்டோட ஃபிரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம், உரிச்சுட்டா சீக்கிரம் தீத்துடுங்க. வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. பச்சை வளையம் அதிக நேரம் வெந்ததால வர்றது, மஞ்சள்ல இருக்குற இரும்பும் வெள்ளைல இருக்குற கந்தகமும் சேந்து அப்படி ஆகுது, சாப்பிடலாம். கொதிக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல எடுத்து பச்சத் தண்ணில போட்டுடுங்க. ரொம்ப புது முட்டைய அவிச்சுட்டு ஓடு உரிய மாட்டேங்குதுன்னு அடுத்த கேள்வி போடாதீங்க, வாங்கி நாலஞ்சு நாள் ஆனதுதான் சுலபமா உரியும்.