பழைய வாரிய பிளாக்கை இடித்துக் கட்டினால் எத்தனை வீடு வரும்? யாரிடம் என்ன கேட்பது?

வடசென்னைக் குரல்:
வணக்கம். எங்கள் ஏரியா சபையில் கொடுக்க ஒரு மனு தயாராகிறது. 1970களில் கட்டிய குடிசை மாற்று வாரிய பிளாக், தரைத்தளமும் மூன்று மாடியும். இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இடம் சுமார் ஒரு ஏக்கர். எத்தனை வீடு வரும்? இப்போது இருக்கிற எல்லோருக்கும் கிடைக்குமா? ஏழைகளுக்கான வீட்டு விஷயத்தில் மாநகராட்சிக்கு என்ன வேலை, சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) என்ன வேலை என்பதும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனைப்பிரிவு:
சென்னையில் மாநகராட்சி வீடு கட்டிக் கொடுப்பதில்லை. எந்த நிலத்தில் என்ன வரலாம், எவ்வளவு கட்டலாம் என்பது சி.எம்.டி.ஏ. கையில் இருக்கிறது. 2008ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது, மூன்றாவது தயாராகிறது. ஏழைகளுக்கு வீடு கட்டுவது, 1970ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு. சாலை, குப்பை, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. தண்ணீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டருக்கு. ஒருவர் வீட்டை முடித்த பிறகு அடுத்தவர் குழாயைப் பற்றி யோசிப்பதால்தான் பாதிச் சிக்கல். ஆகவே மனுவை வாரியச் செயற்பொறியாளருக்கு எழுதி, மெட்ரோ வாட்டருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் நகல் போடுங்கள்.

தனியார் கட்டும் இடத்துக்கும் விதி உண்டு. இரண்டாவது மாஸ்டர் பிளான் விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு வந்தால், 10 சதவீத இடத்தில் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள் கட்ட வேண்டும். அதே மனையில் அல்லது 2 கிலோமீட்டருக்குள். இரண்டு வீட்டை ஒன்றாக்கவும் கூடாது. ஆனால் விதி அளவிடுவது வீட்டின் பரப்பை. வாங்குகிறவரின் வருமானத்தை அல்ல. அடையாறில் 45 சதுர மீட்டர் வீடு எந்தக் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும்? மூன்றாவது மாஸ்டர் பிளானுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பு வரும்போது இந்த ஒரு ஓட்டையை அடைக்கச் சொல்லி எழுதுங்கள்.

இதைவிட நல்ல முறை இதே ஊரில் நடந்திருக்கிறது. 1977ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறு மனைகளாகப் பிரித்து, சாலை, குழாய், சாக்கடை போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் கைக்குக் காசு வர வர எழுப்பிக்கொண்டார்கள். பெரிய மனையையும் கடை மனையையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சிறு மனையின் விலையைக் குறைத்தார்கள். அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனி அப்படி வந்ததுதான்.

சிமெண்டுக்கணக்கு:
வீட்டு எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். தள பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது, 2 என்றால் கட்டக்கூடியது 8,094 சதுர மீட்டர். உள்ளளவு 30 சதுர மீட்டர் வீட்டுக்கு சுவர், படி, நடை, லிஃப்ட் எல்லாம் சேர்த்து 40 என்று வையுங்கள். சுமார் 200 வீடு. முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை போகலாம்; 320 வீடு தாண்டும்.

கூடுதல் வீடு என்றதும் சம்மதித்துவிடாதீர்கள். 200 வீட்டில் வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. மொத்தம் 1,08,000 லிட்டர், 9,000 லிட்டர் லாரியில் 12 நடை. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். உங்கள் தெருவில் கிடக்கும் பழைய குழாய் இன்றைக்கே மழைக்காலத்தில் மேன்ஹோலில் பொங்குகிறதென்றால், புதுக் குழாயும் பம்பிங் வசதியும் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

18.30 மீட்டர் உயரம் தாண்டினால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் எல்லாம் சேரும். ஏழாவது மாடியில் மோட்டார் ரிப்பேரானால் குடம் தூக்குவது யார்? இடம் போதுமென்றால் 18.30க்குள் நிற்பதே நல்லது. பராமரிப்புச் செலவு தாங்கும்.

கட்டும்போது பூச்சு வேலையைக் கவனியுங்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரியக் குடியிருப்பில் 2021ல் பூச்சு கையில் உதிர்ந்தது ஊரறிந்தது. எம்.சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூள் அதிகமாகி, நீராற்றலும் (பூச்சைத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைப்பது) சரியாக இல்லையென்றால் பூச்சு பிடிக்காது. மூன்றாம் தரப்பு ஆய்வு அறிக்கையை மாடி மாடியாகக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கெடுப்பு அக்கா:
எல்லோருக்கும் கிடைக்குமா என்பது, பிளாக்கில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நாளன்றே முடிவாகிவிடும். ஒதுக்கீட்டு ஆணை அப்பா பேரில், குடியிருப்பது மகன், மகள் என்று இரண்டு மூன்று குடும்பம். பட்டியலில் ஒரே வீடாக எழுதிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு. ஒவ்வொரு குடும்பமும் தனி ரேஷன் கார்டு, ஆதார், மின்கட்டண ரசீது வைத்திருக்கட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அவர்களைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். வரைவுப் பட்டியலை பிளாக்கிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

இடைக்கால வாடகை அடுத்த விஷயம். மறுகட்டுமானத்துக்கு வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை. வேலை 18 மாதத்தில் முடிந்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய்தான். வடசென்னையில் அந்த வாடகைக்கு ஒரு அறையும் கிடைக்காது. வேலை இழுத்தால் இன்னும் மோசம். தாமதமாகும் மாதங்களுக்குக் கூடுதல் தொகை வேண்டும் என்று மனுவில் தனிப் பத்தியாகப் போடுங்கள்.

"தற்காலிகமாக" பெரும்பாக்கம் போகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணகி நகரில் 15,000க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல் வீடுகள். நகருக்குள் பெரிய துண்டு நிலம் இல்லையென்று எல்லாவற்றையும் தெற்கு ஓரத்தில் குவித்ததன் விளைவு, காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு நேரத்துக்கு பஸ் இல்லை, வேலை போயிற்று. பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள். படிப்பை நடுவில் நிறுத்திவிடுகிற பிள்ளைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

வடசென்னைக் குரல்:
ரொம்ப நன்றி. பயனாளி பங்குத்தொகை என்கிறார்களே, அது எப்படி?

கணக்கெடுப்பு அக்கா:
பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015ல் வந்தபோது இந்த வகை வீட்டுக்கு மத்திய அரசு பங்கு 1.5 லட்சம். வீட்டின் செலவு அதைப்போல் பல மடங்கு. மீதியில் பெரும்பகுதி மாநில அரசு, கொஞ்சம் குடும்பம். தினக்கூலிக்காரரிடம் சம்பளச் சான்று இருக்காது, வங்கி கடன் தராது. ஆகவே தவணையில் கட்ட வழி வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். ஒதுக்கீடு வீட்டுப் பெண் பேரிலோ இருவர் பேரிலோ வர வேண்டும். முழுத்தொகை கட்டியதும் கிரையப் பத்திரம் எத்தனை மாதத்தில், நிலத்தில் பிரிபடாத பங்கு (எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பாகம்) எத்தனை சதுர அடி என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சிமெண்டுக்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். குடியேறுமுன்பே நலச்சங்கத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வாரியத்தின் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடுகிறது. சங்கம் பதிவாகவில்லையென்றால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க ஆளிருக்காது. லிஃப்ட் ஆண்டு ஒப்பந்தமும் மோட்டார் உத்தரவாத அட்டையும் சங்கத்தின் கைக்கு வந்த பிறகே சாவியை வாங்குங்கள்.