சோலார் ஹீட்டர்: சாயங்காலம் கொதிக்குது, விடிகாலையில் பச்சைத் தண்ணி. உதவி தேவை

மேட்டுவீடு:
வணக்கம். அவசரத்துல எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய கரண்ட் கீசரைக் கழட்டிட்டு சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டு மூணு வாரம் ஆச்சு. எங்க பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. சாயங்காலம் குழாயைத் திறந்தா கை வைக்க முடியாத சூடு. விடிகாலை நாலரைக்கு அப்பா குளிக்கப் போனா பச்சைத் தண்ணிதான் வருது. அவருக்கு மூட்டு வலி, வெந்நீர் இல்லாம முடியவே முடியாது. மாட்டினவர் இங்க வர ஒரு நாள் பயணம், அடுத்த மாசம்தான் வர முடியும்னு சொல்லிட்டார். டேங்க் கோளாறா, ட்யூப் கோளாறா? நானே சரி பண்ண முடியுமா?

வெயில்காய்ச்சி:
எத்தனை லிட்டர் டேங்க்? வெயில்ல சூடு பிடிக்கிறது கண்ணாடி ட்யூபா, தகடா? வீட்டுல எத்தனை பேர்? டேங்க்கிலிருந்து குளியலறைக்குக் குழாய் எவ்வளவு நீளம்? இது எதையுமே சொல்லாம எப்படிச் சொல்றது நண்பரே?

உப்புத்தண்ணி:
போர் தண்ணியா? அப்படின்னா சுண்ணாம்புதான், சந்தேகமே வேண்டாம். தண்ணி சூடாக ஆக சுண்ணாம்பு கரைஞ்சு நிக்காது, பிரிஞ்சு படியும். 60 டிகிரிக்கு மேல போனா இன்னும் வேகம். எங்க வீட்டுல ஒரு ட்யூபை உருவிக் கவிழ்த்தப்போ அடியிலிருந்து ஒரு கை நிறைய வெள்ளைத் தூள் கொட்டிச்சு, ஓடு ஓடா உடைஞ்ச சில்லும் கூடவே வந்துது. ட்யூபை எல்லாம் கழட்டி சுத்தம் பண்ணுங்க.

வெயில்காய்ச்சி:
மூணு வாரத்துல அவ்வளவு படியாதுங்க. அதுவும் இல்லாம, சுண்ணாம்பு அடைச்சா சாயங்காலமே சூடு குறையணும். இவருக்கு சாயங்காலம் கொதிக்குதே.

கணக்கன்:
இந்தக் குழுவில் மாதத்துக்கு ஒரு முறை இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் நம் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அடிப்படை எளிது: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். 200 லிட்டரை 35 டிகிரி ஏற்ற சுமார் 8.1 யூனிட். உங்கள் வீட்டுத் தேவை என்ன, உங்கள் டேங்க் எவ்வளவு தருகிறது என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும். இரவிலேயே எல்லோரும் குளித்துத் தீர்த்துவிட்டால் காலையில் எங்கிருந்து வரும்? கொள்ளளவு போதவில்லை, அவ்வளவுதான். பெரிய டேங்க் வாங்குங்கள். என்னைக் கேட்டால் இதற்குப் பதிலாக ஹீட் பம்ப் போட்டிருக்கலாம்.

சின்னமாடி:
எனக்கும் இதே பிரச்சினைதான். எங்களுடையது தகடு. ராத்திரி ஆனா சூடு போயிடுது. யாராவது சொல்லுங்களேன்.

வெயில்காய்ச்சி:
சின்னமாடி, தகடுன்னா வேற கதை, தனி இழை போடுங்க. இப்போதைக்கு ஒண்ணு மட்டும் பாருங்க: தகட்டின் மேல் விளிம்பை விட டேங்க்கோட அடிப்பகுதி எவ்வளவு உயரம்? 30 சென்டிமீட்டராவது மேல இருக்கணும். இல்லாட்டி பகல்ல டேங்க்குக்கு ஏறின சூடு ராத்திரி தகட்டுக்கே திரும்பி ஓடி வானத்துக்குப் போயிடும்.

மேட்டுவீடு:
மன்னிக்கணும், விவரம் விட்டுப்போச்சு. 200 லிட்டர், கண்ணாடி ட்யூப், மொத்தம் 20. நாங்க நாலு பேர். ராத்திரி யாரும் குளிக்கறதில்ல. அப்பா மட்டும் ஒன்பது மணிக்கு முட்டிக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டுக்குவார். குழாய் 12 மீட்டர் இருக்கும், சிபிவிசி பிளாஸ்டிக், மேல பஞ்சு சுத்தியிருக்கு. கீழ பச்சைத் தண்ணி நுழையற இடத்துல, தண்ணியைத் திரும்பி வர விடாத ‘நான் ரிட்டர்ன்’ வால்வு இருக்கு. போர் தண்ணிதான். வெளி மின்சாரம் கிடையாது, பேனலும் பேட்டரியும்தான், அதனாலதான் கீசரை விட்டோம். இன்னைக்குக் காலைல மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பனி பெய்ஞ்சு தரையெல்லாம் ஈரம், வழுக்கிவிட்டுது, சரியாப் பார்க்க முடியல. ட்யூப் எதுவும் உடையல. இன்னொரு தலைவலி, பிரஷர் பம்ப் ராத்திரி அப்பப்ப தானா ஓடுது. மேல்தொட்டியும் சீக்கிரம் இறங்குது. அதை அப்புறம் தனியாக் கேக்கறேன், முதல்ல இதுக்கு வழி சொல்லுங்க.

உப்புத்தண்ணி:
போர் தண்ணின்னு நான் சொன்னேனா இல்லையா.

வெயில்காய்ச்சி:
ட்யூபோட அடி நுனியைப் பாருங்க. உள்ளே வெள்ளிப் பூச்சு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா ட்யூபோட ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற வெற்றிடம் பத்திரமா இருக்கு. பால் மாதிரி வெளுத்திருந்தா காற்று உள்ளே போயிடுச்சு. உச்சி வெயில்லகூட நல்ல ட்யூபோட வெளிக்கண்ணாடியில கை வைக்கலாம், சுடாது. எது சுடுதோ அதுதான் போனது. ஆனா 20-ல ஒண்ணு ரெண்டு போனாக்கூட தண்ணி முழுக்க ஆறாது. நல்ல பஃப் உறை (சூட்டை வெளியே விடாத நுரை) உள்ள டேங்க்கில ஒரு ராத்திரிக்கு 5 முதல் 10 டிகிரி இறங்கறதே அதிகம். 65-ல படுத்த தண்ணி 25-ல எழுந்திருக்குன்னா அது ஆறினது இல்ல, வேற ஏதோ நடக்குது.

கணக்கன், கொள்ளளவுன்னு சொன்னீங்க. 65 டிகிரியில 200 லிட்டரை 25 டிகிரி தண்ணியோட கலந்தா 40 டிகிரியில 500 லிட்டருக்கு மேல வரும். நாலு பேருக்கு இது தாராளம். டேங்க் சின்னதுன்னு எப்படிச் சொல்றீங்க?

கணக்கன்:
டேங்க் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள். வெந்நீர் எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் நுழையும், கலக்கும். அனுபவம் வந்தால் தெரியும். நான் சொன்னது இன்னும் பெரிய விஷயம். இன்று பேனல் போட்டிருக்கிற வீட்டில் தனியாகக் கூரை மேல் கண்ணாடிக் குழாய் எதற்கு? ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை இழுக்கிறது. 8.1 யூனிட் தேவைப்படும் வேலையைச் சுமார் 2.7 யூனிட்டில் முடித்துவிடும். வெயில் பிரதேசத்தில் காற்றே சூடு, இன்னும் நன்றாக ஓடும். மதியம் பேனல் உபரியாகத் தருகிற நேரத்தில் ஓடவிட்டால் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

வெயில்காய்ச்சி:
அதே கூரையில 1 சதுர மீட்டருக்கு உச்சி வெயில் சுமார் 1000 வாட் விழுது. பேனல் அதுல 20 சதவீதத்தைச் சுற்றி எடுக்கும். சூடு பிடிக்கிற ட்யூபோ தகடோ பாதிக்கு மேல எடுக்கும். நகர்ற பாகம் ஒண்ணுகூட இல்ல, போர்டு இல்ல, கேஸ் இல்ல. ஒரு நாள் பயண தூரத்துல இருக்கிற வீட்டுல ஹீட் பம்ப்போட கம்ப்ரஸர் நின்னா யார் வந்து பார்ப்பாங்க? ட்யூப் உடைஞ்சா கூடுதலா வாங்கி வச்சிருக்கிற ஒண்ணைச் சொருகினா முடிஞ்சுது.

கணக்கன்:
சதவீதத்தை மட்டும் பார்ப்பது பழைய காலத்துச் சிந்தனை. பேனல் தரும் மின்சாரத்தை ஹீட் பம்ப் மூன்று மடங்கு சூடாக்கித் தருகிறது. 20-ஐ மூன்றால் பெருக்குங்கள், உங்கள் ட்யூபுக்குச் சமமாக வந்து நிற்கும். டேங்க் முழுக்கச் சூடான பிறகு உங்கள் ட்யூப் பிடிக்கும் சூடு வீண். பேனல் மின்சாரம் விளக்குக்கும் பம்புக்கும் போகும். மேலே சுண்ணாம்பும் படியாது.

உப்புத்தண்ணி:
ஹீட் பம்ப் டேங்க்கிலயும் சுண்ணாம்பு படியும். டேங்க்குக்குப் பதிலா அரிப்பைத் தான் வாங்கிக்கிற மெக்னீசியம் கம்பியைப் பார்க்காம விட்டா டேங்க்கே ஓட்டையாகும். எந்த முறை போட்டாலும் தண்ணி அதே தண்ணிதான்.

வெயில்காய்ச்சி:
மூணு மடங்குன்னு நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். ஆனா மூணு நாள் மேகம் போட்டு பேட்டரி இறங்கின வீட்டுல, வெந்நீருக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே தொட்டியிலிருந்து எடுக்கறதை நான் விரும்பமாட்டேன். ரெண்டும் தனித்தனியா நிக்கணும். ஒண்ணு படுத்தாலும் மத்தது ஓடணும்.

கணக்கன்:
மேகம் போட்டால் உங்கள் ட்யூபும் படுத்துவிடும் என்பதை மறந்துவிட்டீர்கள்.

பழைய_ஃபிட்டர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி எழுதினதை யாருமே முழுசாப் படிக்கல.

தம்பி, இவ்வளவு வெயில் அடிக்கிற வறண்ட இடத்துல தரை வழுக்கற அளவுக்குப் பனி ஏது? மாடி ஈரம், பம்ப் தானா ஓடறது, மேல்தொட்டி இறங்கறது, காலைல பச்சைத் தண்ணி. நாலும் ஒரே நோய். மூணு கேள்விக்குப் பதில் சொல்லு. பிரஷர் பம்ப் பச்சைத் தண்ணி லைனுக்கு மட்டும்தானே? குளியலறையில வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலக்கற மிக்ஸர் இருக்கா? அதுல நுனியில விரலால அமுக்கி நிறுத்தற ஹேண்ட் ஷவர் மாட்டியிருக்கா?

இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மாடிக்குப் போய், டேங்க்கிலிருந்து வெந்நீர் வெளியே வர்ற லைன்ல இருக்கிற கேட் வால்வை மூடிடு. டேங்க் தலையில நிக்கிற, காற்று போய் வர்ற ஏர் வென்ட் குழாயைத் தொடாதே, அது எப்பவும் திறந்தே இருக்கணும், அடைச்சா டேங்க் உப்பும் இல்ல உள்வாங்கும். காலைல வால்வைத் திறந்து தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லு. சூடா இருந்தா டேங்க்குக்கும் ட்யூபுக்கும் ஒண்ணும் இல்ல, கோளாறு வீட்டுக்குள்ள.

மேட்டுவீடு:
ஐயா, பம்ப் பச்சைத் தண்ணிக்கு மட்டும்தான். ஹேண்ட் ஷவரும் நீங்க சொன்ன மாதிரிதான். ராத்திரி மூடிப் பார்க்கறேன்.

சின்னமாடி:
எங்க டேங்க் அடியும் தகட்டு விளிம்பும் கிட்டத்தட்ட சமமா இருக்கு. அதுதான் காரணமா?

மேட்டுவீடு:
மூடி வச்சுத் திறந்தேன். நாலரைக்குக் கை வைக்க முடியல, அவ்வளவு சூடு! மாடி காய்ஞ்சு கிடக்கு. பம்ப் ஒரு தடவைகூட ஓடல. எப்படிங்க ஐயா?

பழைய_ஃபிட்டர்:
நினைச்சேன். 10 மீட்டர் உயரத் தண்ணி ஒரு பார் அழுத்தம். உன் வெந்நீர் டேங்க் ஷவருக்கு மூணு மீட்டர் மேல இருந்தா 0.3 பார்தான். பம்ப் ஒன்றரை, ரெண்டு பார் குடுக்கும். மிக்ஸர்ல ரெண்டு குழாயும் திறந்திருக்க, ஷவர் நுனியில மட்டும் நிறுத்தினா தண்ணி வெளியே போக வழியில்ல. பலசாலி பச்சைத் தண்ணி, மிக்ஸருக்குள்ளேயே வெந்நீர்க் குழாயில புகுந்து எதிர்த்து ஏறி டேங்க்குக்குள்ள போகும். கீழ நான் ரிட்டர்ன் வால்வு தடுக்கறதால அந்தப் பக்கம் இறங்க முடியாது. அப்போ மேல இருக்கிற சூடான தண்ணி ஏர் வென்ட் வழியா மாடியில கொட்டும். நிமிஷத்துக்கு அரை லிட்டர்னாக்கூட ஒன்பதிலிருந்து நாலரைக்குள்ள 225 லிட்டர். உன் டேங்க் முழுசும் தரையில போயிடுச்சு.

ராத்திரி ஒன்பதுக்கு அப்பா முட்டிக்குத் தண்ணி விட்ட பிறகு குழாயை மூடறாரா, ஷவர் பிடியில நிறுத்திட்டு வர்றாரா, கேட்டுப் பாரு.

மேட்டுவீடு:
கேட்டேன். பிடியில்தான் நிறுத்தறாராம். வலிக்கிற விரலால ரெண்டு குழாயையும் திருகறது அவருக்குக் கஷ்டம். சூடு சரியா அமைஞ்ச திருப்பத்தைக் காலைக்கும் அப்படியே விட்டு வைக்கிறார். காலைல பச்சைத் தண்ணி வந்ததும் நாங்க போய் மூடியிருக்கோம், அதான் பகல் முழுக்க சூடு நின்னிருக்கு. இத்தனை நாள் இது தெரியாம அவரைக் குளிர்ல நிக்க வச்சுட்டோமேன்னு மனசு கஷ்டமா இருக்கு. அவரைத் திருகச் சொல்ல எனக்கு மனசில்ல. வேற வழி உண்டா?

பழைய_ஃபிட்டர்:
உண்டு. அவர் திருக வேண்டாம். மிக்ஸருக்கு வர்ற ரெண்டு லைன்லயும் ஆளுக்கொரு நான் ரிட்டர்ன் வால்வு போடு, அம்பு மிக்ஸரைப் பார்க்கணும். வெந்நீர் லைனுக்கு ஸ்பிரிங் வச்சது வேண்டாம், 0.3 பார் அதைத் தள்ளித் திறக்கத் திணறும். உள்ளே மடல் தொங்கற வகையாப் பார்த்து வாங்கு, அதைப் படுக்கை வசத்துல மாட்டு. இதோட, அந்தக் குளியலறைக்கு மட்டும் பச்சைத் தண்ணியையும் பம்பிலிருந்து பிரிச்சு மேல்தொட்டியிலிருந்து நேரா இறக்கிடு. ரெண்டும் ஒரே அழுத்தத்துல வந்தா சண்டையே இல்ல, சூடும் ஏறி இறங்காது. வெந்நீருக்கும் அழுத்தம் வேணும்னு பம்பைக் கொண்டுபோய் சோலார் டேங்க்ல மட்டும் கோத்துடாதே. ஏர் வென்ட் வச்ச டேங்க் அதைத் தாங்காது.

கணக்கன்:
மிக்ஸர் விஷயம் சரிதான், விவரம் முதலிலேயே தந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். ஒன்று சேர்க்கிறேன். இத்தனை நாள் இரவிலும் காலையிலும் டேங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் நின்றிருக்கிறது. 20-லிருந்து 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். இரண்டு நாள் வெயிலில் 60-க்கு மேல் ஏறவிட்டு, வெந்நீர்க் குழாய் முழுவதும் ஓடவிடுங்கள். ஷவரைக் கீழே தாழ்த்திப் பிடித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஆவி முகத்தில் படாமல் செய்யுங்கள். அதே 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் வயதானவர் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், சூட்டைத் தானாக 50-க்குள் நிறுத்தும் கலப்பு வால்வு ஒன்றும் போடப் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய_ஃபிட்டர்:
இது நல்ல யோசனை. நான் சொன்ன வால்வுகளை மாட்டற வரைக்கும் ராத்திரி கேட் வால்வை மூடிட்டே படுங்க.

மேட்டுவீடு:
வால்வு ரெண்டும் போட்டாச்சு, பச்சைத் தண்ணி லைனையும் மாத்தியாச்சு. அஞ்சு நாளா காலைல வெந்நீர் வருது. அப்பா பிடியிலதான் நிறுத்தறார். எல்லாருக்கும் நன்றி.

உப்புத்தண்ணி:
சந்தோஷம். போர் தண்ணிங்கறதை மறக்காதீங்க, ஆறு மாசத்துல ஒரு ட்யூபை உருவிப் பாருங்க. வெயில் ஏறும் முன்னாடி செய்யணும். காய்ஞ்சு சூடேறின ட்யூப்ல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சுடும்.

சின்னமாடி:
டேங்க்கை 30 சென்டிமீட்டர் தூக்கணும்னா ஸ்டாண்டை மட்டும் உயர்த்தினாப் போதுமா, குழாயையும் மாத்தணுமா?