ஒன்றரை வயசுக் குழந்தையோட டிபன் கடைக்கு: கையில கட்டுச்சோறா, கடை இட்லியா?

வேப்பமரத்தடி:
வீட்டுச் சாப்பாடு கொண்டு போறதுதான் சரி. கடைச் சாம்பார்ல காரமும் உப்பும் பெரியவங்க நாக்குக்குப் போட்டது. தேங்காய்ச் சட்னி எப்ப அரைச்சதுன்னு கேட்டா சர்வருக்கே தெரியாது. வெயில் காலத்துல அது சீக்கிரம் கெட்டுடும். குழைய வெந்த பருப்பு சாதம் ஒரு டப்பா போதும்.

தோசைக்கல்:
அந்த டப்பாதான் எனக்குப் பயம். 10 மணிக்குக் கிளறினதை 1 மணிக்கு ஊட்டுவீங்க. சமைச்சதை வெளியில 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு. அரிசி வெந்தாலும் அதோட வித்து சாகாது. வெதுவெதுப்புல முளைச்சு நஞ்சு உண்டாக்கும், வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆவி பறக்க வர்ற இட்லியில இந்தக் கவலை இல்லை.

வேப்பமரத்தடி:
அதுக்குத்தான் வாய் அகலமான எவர்சில்வர் பிளாஸ்க். கொதிதண்ணி ஊத்தி மூடி 10 நிமிஷம் வெச்சுக் கொட்டிட்டு, கொதிக்கக் கொதிக்க சாதத்தை விளிம்பு வரைக்கும் போடணும். பாதி நிரப்பினா சீக்கிரம் ஆறிடும். 60 டிகிரிக்கு மேல நின்னா கிருமி பெருகாது. வேணுங்கிறதைக் கிண்ணத்துல எடுத்து ஆறவெச்சு ஊட்டுங்க. எச்சில் கரண்டி பிளாஸ்க்குள்ள போகவே கூடாது.

தோசைக்கல்:
பிளாஸ்க்னா ஒத்துக்கறேன், வெறும் டப்பாவை ஒத்துக்க மாட்டேன். ஆனா எல்லாரும் அதைத் தூக்கிட்டுத் திரிய முடியாது. உட்கார்ந்ததும் முதல்ல குழந்தைக்கு ஒரு இட்லி சொல்லுங்க. மத்தவங்க தோசை வர்றதுக்குள்ள ஊட்டி முடிச்சிடலாம். சூடில்லாம வந்தா திருப்பி அனுப்புங்க, கூச்சமே வேண்டாம். ஓரம் காய்ஞ்சிருந்தா கிள்ளி எடுத்துட்டு, நடுவை உதிர்த்து, ரெண்டு மூணு ஸ்பூன் வெந்நீர் விட்டு மசிங்க. வறண்ட இட்லி மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுத்தான் குழந்தை குமட்டும், உடனே பிடிக்கலைன்னு முடிவு கட்டிடறோம். நெய் வீட்டிலிருந்து சின்ன புட்டியில போதும். சாம்பார் தொட்டுக்கவே வேண்டாம்.

சமையற்கட்டு:
ஹோட்டல் அடுப்படிப் பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்றேன். மதியச் சாப்பாட்டுக் கடையில சாம்பார் கூட்டுறதுக்கு முன்னாடி துவரம்பருப்பு தனியா வெந்து இருக்கும். கூட்டம் சேர்றதுக்கு முன்ன, 11:30 வாக்குல வந்து "தாளிக்காத பருப்பு ஒரு கரண்டி" கேட்டா அநேகமாக் கிடைக்கும். 1 மணி ரஷ்ஷுல கேட்டா மாஸ்டர் என்ன பண்ணுவார்? பருப்பு அதுக்குள்ள சாம்பாராயிருக்கும். மெதுவா இருக்கேன்னு பொங்கல் வாங்காதீங்க. முழு மிளகும் முந்திரியும் கிடக்கும், முந்திரி தொண்டையில அடைக்கும். கடைத் தயிர்சாதத்துலயும் பச்சைமிளகாயைத் துழாவிப் பாருங்க.

இடம்தான் இதைவிட முக்கியம். குழந்தையைச் சுவர் பக்கம் உட்கார வைங்க. நடைபாதை ஓரம் இருந்தா கொதிக்கிற சாம்பார் வாளி தலைக்கு மேலதான் போகும்.

வேப்பமரத்தடி:
சரிதான். ஆனா குழந்தை நாற்காலியில பெல்ட் அறுந்து கிடக்கு. மடிதான் மேல்.

சமையற்கட்டு:
மடியில வெச்சுக்கிட்டு காபி குடிக்கிறதுதான் ஆபத்து. எட்டிப் பிடிச்சு டபராவைக் கவிழ்த்துடும். பெல்ட் இல்லேன்னா மடியில வைங்க, ஆனா ஊட்டி முடிச்சு இன்னொருத்தர் கையில கொடுத்த அப்புறம் காபி சொல்லுங்க.

தோசைக்கல்:
அடைச்சுக்கிட்டா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலையே. சத்தமா இருமினா இருமவிடுங்க, வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவாதீங்க. இருமவோ அழவோ முடியலேன்னா தலையைத் தாழ்த்திப் பிடிச்சு, தோள்பட்டைகளுக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு. வரலேன்னா, ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு தொப்புளுக்கு மேல கையை வெச்சு உள்ளே மேலே 5 அழுத்து. ஒரு வயசுக்குள்ளன்னா வயித்தை அழுத்தவே கூடாது, நெஞ்செலும்பு மேல ஒரு உள்ளங்கை அடியால 5 அழுத்து. மாத்தி மாத்திச் செய்யுங்க, பக்கத்து மேஜைக்காரரை 108-க்குக் கூப்பிடச் சொல்லுங்க.

வேப்பமரத்தடி:
இதை எல்லாரும் பழகி வெச்சுக்கணும். இட்லி விஷயத்துல என் கட்சி மாறிடுச்சு, கடையில வாங்கலாம். தண்ணி மட்டும் வீட்டுல காய்ச்சி ஆறினதுதான்.